ஸ்வைப் மெஷினுக்கு வைத்த சந்தனம்

மருத்துவமனை மலரில் "ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிறார்கள்" என்ற பகுதிக்கு நானும் எழுத வேண்டும் என்று பில்லிங் கவுண்டர் பெண்கள் வீட்டுக்கே வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இதற்குப் பெயர் ஓய்வா என்று மடியில் இருப்பவளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் விடவில்லை. கார்டுக்கென்றே தனிக் கவுண்டர் திறக்கிறார்களாம், அதில் மூன்று மெஷினாம். "முதல் மெஷின் வந்தப்ப நீங்கதானே மேடம் உக்காந்திருந்தீங்க? எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றார்கள்.

எப்படி இருந்தது? இப்போது நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பயம் மட்டும் இல்லை.

பி.காம். முடித்து, ஆறு மாதம் டைப்பிங் கற்று, கல்யாணமாகி ஐயம்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் இருக்கும் இந்த மருத்துவமனைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினேன். முதல் நான்கு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரசீது எழுதினேன், எழுதியதைச் சரிபார்த்தேன், சரிபார்த்ததை மறுபடி சரிபார்த்தேன். நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டி நாலு வீடு தாண்டியதும் கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள். முதல் குழந்தை பிறந்த பிறகு இது இரண்டு மடங்கானது. மதியம் ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, என் மாமியாரைக் கூப்பிடச் சொல்லி, "பாப்பா மூச்சு சரியா விடுதா அத்தை?" என்று கேட்பேன். "மூச்சு விடாமலா இந்தக் கத்து கத்துது?" என்பார் அவர்.

எங்கள் பிரிவின் மேலாளர் வரதன் சார். பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் திருமண் ஒருநாள்கூடக் கோணியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரசீது எழுதி முடித்ததும் நாம் உரக்கப் படிக்க வேண்டும். பெயர், வார்டு, தொகை எழுத்தால், தொகை எண்ணால், நேரம். அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஓரிடத்தில் தயங்கினால் கண் திறக்கும். "அம்மா வசந்தி, நேரத்தை விட்டுட்டேளே. பணம் யார் வேணா குடுக்கலாம். எப்போ குடுத்தான்னுதானே கேஸு?" என்பார். நேரம் எழுதாத ரசீதை அவர் ரசீதாகவே கருதியதில்லை.

இப்படிப்பட்டவரின் மேஜைக்கு ஸ்வைப் மெஷின் வந்தது.

வங்கியிலிருந்து டை கட்டிய ஓர் இளைஞர் வந்து இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். கார்டின் கறுப்புப் பட்டை உள்பக்கம் இருக்க வேண்டும். மேலிருந்து கீழே, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. தொகையை அழுத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டினால் மெஷின் தானே போன் போடும். வங்கி சரி என்றால் சீட்டு வரும். சீட்டில் கையெழுத்து வாங்கி, கார்டின் பின்பக்கம் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். நான் ஏழு பக்கம் குறிப்பு எடுத்தேன்.

சார் ஒரே கேள்வி கேட்டார். "இது நேரம் போடுமோ?"

"நொடி வரைக்கும் போடும் சார்."

வரதன் சார் முதல் தடவையாக அந்த மெஷினை ஏறிட்டுப் பார்த்தார்.

எனக்கோ புதுப் புடவை கட்டியதுபோல இருந்தது. தமிழ்நாட்டுப் படத்தில் நம் ஊர் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில், நான் ஒரு கார்டை இழுத்தால் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் பதில் சொல்கிறது! முதல் சீட்டு வந்தபோது, கர்ரென்று காகிதம் வெளியே வந்த சத்தத்தில் வார்டு உதவியாளர் கன்னியம்மா கையிலிருந்த பினாயில் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

நோயாளிகளைக் கார்டுப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அப்போதுதான் பட்டுக் கடைகளும் சங்கங்களும் கூலியை வங்கியில் போடத் தொடங்கியிருந்தன. நிறையப் பேரிடம் கார்டு இருந்தது. ஆனால் அது பணம் எடுக்கும் ஏ.டி.எம். கார்டு, அவ்வளவுதான். அதைக் கடையில் நீட்டலாம் என்று யாருக்கும் தெரியாது. "கார்டை நீயே வெச்சிக்குவியாமா?" என்று கேட்டார் ஒருவர். "வேகமா இழுக்காதம்மா, அதிகமா பூடப் போவுது" என்றார் இன்னொருவர். தாமலிலிருந்து வந்த ஒரு பெரியவர் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்க்குக் கார்டு இழுத்துவிட்டு நகரவே இல்லை.

"இன்னும் என்னங்க?"

"மீதி அறுபது ரூபா?"

"கார்டுல சரியா தொள்ளாயிரத்து நாப்பதுதாங்க எடுத்திருக்கு. மீதி உங்க கணக்குலயே இருக்கும்."

"அது இருக்கட்டும். நான் ஆட்டோவுக்குக் குடுக்கணும், நீ அறுபதைக் குடு" என்றார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் பின்னால் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பதினைந்து பேரும் பாடத்தைக் கேட்டுவிட்டார்கள். மறுநாள் அவர்களில் இரண்டு பேர் கார்டோடு வந்தார்கள்! அன்று மாலை ஷேர் ஆட்டோவில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இனி, அந்த ஆயுத பூஜை.

இந்த ஊரில் ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் படாத பொருள் ஒன்று இருந்தால் அது பொருளே இல்லை. தறிக்கு, தராசுக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் பொட்டு. எங்கள் கவுண்டரில் ஸ்டேப்ளருக்குக்கூட வைத்தோம். ஸ்வைப் மெஷினிடம் வந்தபோது தகராறு தொடங்கியது.

"பட்டை போடு வசந்தி, மூணு கோடு விபூதி. மெஷின் ஏகாம்பரநாதர் பக்கத்துல இல்ல இருக்குது?" என்றாள் கன்னியம்மா.

"மெஷின் என் மேஜையிலன்னா இருக்கு? திருமண்தான் இடணும்" என்றார் சார், சிரிக்காமல்.

"சார் மேஜை எந்தப் பேட்டையில கீது சார்?"

"மேஜை எங்க இருந்தா என்ன? உக்காந்திருக்கறவன் யாருன்னு பாரு."

இரண்டும் வேண்டாம், பொதுவாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னவள் நான். வைத்தவளும் நான். முதல் வருடப் பூஜை என்ற உற்சாகத்தில், சந்தனத்தை நன்றாகக் குழைத்து, கார்டு நுழையும் பள்ளத்தின் மேல் வாயில் ஒன்று, கீழ் வாயில் ஒன்று என்று தாராளமாக வைத்தேன். ஓரமாக வழிந்ததை விரலால் துடைத்தது நினைவிருக்கிறது. உள்ளே வழிந்தது தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலை பதினோரு மணி ஆகப் போகிறது. வங்கிகளுக்கு இரண்டாவது நாளாக விடுமுறை. வரதன் சார் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் செல்போன் கிடையாது.

கவுண்டருக்கு ஒருவர் ஓடி வந்தார். நெற்றியில் விபூதி பாதி வியர்வையில் கரைந்திருந்தது. பெயர் ஏகாம்பரம், பட்டு நெசவு. எட்டு மாதப் பெண் குழந்தையை ஒரு மணி நேரத்துக்கு முன்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டுவிட்டது, உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். முன்பணம் பன்னிரண்டாயிரம்.

"ஏ.டி.எம்.ல பணம் இல்லன்னு அட்டை தொங்குதும்மா. ரெண்டாவது ஏ.டி.எம். பூட்டிக் கெடக்குது. போனசு போன வாரந்தான் வந்துச்சு, அத்தினியும் இதுல இருக்குது. இங்க கார்டு எடுக்கறாங்கன்னு தெருவுல சொன்னாங்க" என்று கார்டை நீட்டினார்.

நான் பெருமையோடு வாங்கினேன். ஆமாம், பெருமையோடுதான். இதற்காகத்தானே இந்த மெஷின்! ஒரே இழுப்பு.

பிழை என்று காட்டியது.

இன்னொரு இழுப்பு. பிழை. கார்டை முந்தானையில் துடைத்து இழுத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி இழுத்தேன். வங்கி இளைஞர் சொன்ன யுக்தி அது. பிழை.

"உங்க கார்டுதாங்க சரியில்ல" என்றேன்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பணம் இருக்குதும்மா. சத்தியமா இருக்குது" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டியதுபோல நின்றார் மனிதர்.

எனக்கு ஏதோ உறுத்தியது. என் பையிலிருந்து என் சம்பளக் கார்டை எடுத்து இழுத்தேன். பிழை. குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தேன். உள்ளே, கார்டைப் படிக்கும் இடத்தின் மேல், மஞ்சளாக ஒரு பொருக்கு. என் சந்தனம், கல்லாக உறைந்திருந்தது.

அதே நிமிஷம் உள் போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர். "வசந்தி, குழந்தைக்கு அட்வான்ஸ் நம்பர் சொல்லு. மயக்க டாக்டர் ரெடி. நம்பர் இல்லாம மருந்து எடுக்க முடியாது."

முறை இதுதான்: பணம் வந்த பிறகு ரசீது. ரசீது எண்ணைத் தியேட்டர் படிவத்தின் தலையில் எழுதினால்தான் மருந்தகம் பெட்டியைத் திறக்கும். விலக்கு வேண்டுமென்றால் வரதன் சார் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ கோயிலில்.

"சிஸ்டர், அஞ்சு நிமிஷம்..."

"அஞ்சு நிமிஷம் எனக்கு இருக்கு. குழந்தைக்கு இருக்கான்னு டாக்டரைத்தான் கேக்கணும். பச்சையா வாந்தி எடுக்குது."

என் மனம் எப்போதும்போல இரண்டாகப் பிரிந்தது. எண்ணைச் சொல்லிவிட்டு மெஷின் சரியாகாவிட்டால்? அவர் கணக்கில் நிஜமாகவே பணம் இல்லாவிட்டால்? என் சம்பளம் மூவாயிரம். நான்கு மாதம் போகும். வேலையும் போகலாம். பொய் ரசீது எழுதியவள் என்ற பெயரோடு போகலாம். சொல்லாவிட்டால்? கவுண்டர் ஓரத்தில் குழந்தையின் அம்மா கோமதி, குழந்தையின் சின்னப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். கார்பனைச் செருகினேன். பெயர், வார்டு, தொகை எழுத்தால், எண்ணால், நேரம்: பதினொன்று ஐந்து. எண்ணைப் போனில் சொன்னேன். ஸ்டெல்லா சிஸ்டர் "சரி" என்று வைத்துவிட்டார்.

நானும் ரிசீவரை வைத்துவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினேன்.

ஏகாம்பரத்திடம் சொன்னேன். "உங்க கார்டு சரியாத்தான் இருக்குது. நான்தான் நேத்து பூஜைக்கு இதுக்குச் சந்தனம் வெச்சேன். உள்ள போய் அடைச்சிருக்கு. பாப்பாவைத் தியேட்டருக்கு எடுத்துப் போறாங்க, நீங்க கவலைப்படாதீங்க." சொல்லிவிட்டு என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பள்ளத்துக்குள் விடப் போனேன்.

"அய்யய்யோ, ஊக்கு வெக்காதம்மா!" என்று கத்திவிட்டார் அவர். அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்த குரல் இல்லை அது. "உள்ள கீறிச்சின்னா மெஷினு பூடும். எங்க, காட்டு."

கவுண்டர் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டேன். வெளியாள் கவுண்டருக்குள் வரக் கூடாது. அன்று எத்தனை விதியை மீறினேன் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். நான்கு.

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பள்ளத்தைப் பார்த்தார். "பண்ணையில கஞ்சி காஞ்ச மாதிரி கீது" என்றார். தறியில் இழைகள் ஒவ்வொன்றாக நுழைந்து வரும் சீப்பு போன்ற பாகம்தான் பண்ணை. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதன் பல்லிடுக்கில் காய்ந்துகொள்ளுமாம். "அதை நூலாலதான் எடுக்கணும். நூல் இருக்குதா?"

கன்னியம்மா டிரெஸ்ஸிங் அறைக்கு ஓடி, காயத்துக்குக் கட்டும் வலைத்துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் கொண்டுவந்தாள். அவர் துணியிலிருந்து ஆறு இழைகளை உருவினார். வேட்டியை ஒதுக்கி, தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டு. ஆறும் ஒரு நூலானது. ஸ்பிரிட்டில் நனைத்தார். பள்ளத்தின் மேல் முனையில் நுழைத்து, கீழ் முனையில் பிடித்து, மேலும் கீழுமாக மெதுவாக இழுத்தார். அவசரம் இல்லை, நிறுத்தமும் இல்லை. மகள் உள்ளே இருக்க, அந்தக் கை எப்படி அப்படி ஒரே சீராகப் போனது என்று எனக்கு இன்றும் தெரியாது.

முதல் நூல் மஞ்சளாக வந்தது. இரண்டாவது குங்குமம் கலந்து ஆரஞ்சாக. "உன் மெஷினுக்கு அபிஷேகமே பண்ணிக்கிற போலக்குது" என்றார், தலையைத் தூக்காமல். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்றாவது நூல் வெளிர் மஞ்சள். நான்காவது வெள்ளை.

"இப்ப போடு."

இழுத்தேன். பிழை இல்லை! தொகை கேட்டது! பன்னிரண்டாயிரத்தை அழுத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டினேன். மெஷின் போன் போடத் தொடங்கியது. விசாரணை மேஜையும் மெஷினும் ஒரே தொலைபேசி இணைப்பு. விசாரணை மேஜையில் யாரோ ஒருவர் ரிசீவரை எடுத்து, "அண்ணே, நான்தான் பேசறேன்" என்று நிதானமாக ஆரம்பித்தார்.

"யோவ், போனை வைய்யா!" என்று வரிசையே கத்தியது. கன்னியம்மா போய் அவர் காதிலிருந்தே ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். மறுபடி இழுப்பு. மறுபடி பொத்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினைப் பார்த்தோம். இணைக்கிறது... இணைக்கிறது...

கர்ரென்று சீட்டு வந்தது. வரிசையில் விசில் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் விசில்!

சீட்டை ஏகாம்பரத்திடம் நீட்டி, கையெழுத்துக் கேட்டேன். பேனாவை வாங்கினார். அப்போதுதான் அவர் விரல்கள் நடுங்கத் தொடங்கின. பெயரின் முதல் எழுத்தே இரண்டாக உடைந்து, மீதி கோட்டுக்குக் கீழே சரிந்து போனது. கார்டின் பின்பக்கம் இருந்த கையெழுத்தோ குண்டு குண்டாக, அழகாக. ஏழு பக்கக் குறிப்பில் நான் இரண்டு கோடு போட்டு வைத்திருந்த விதி: பொருந்தாவிட்டால் மேலாளரைக் கூப்பிடு.

"எங்கே, காட்டுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. வரதன் சார். கையில் துளசி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சீட்டையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"பெத்தவன் கையெழுத்து இன்னிக்கு இப்படித்தான் இருக்கும். வாங்கிக்கோங்கோ" என்றார்.

பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். ரசீதில் பதினொன்று ஐந்து. மெஷின் சீட்டில் பதினொன்று நாற்பத்தேழு. இரண்டிலும் விரலை வைத்தார். தாழ்ந்த குரலில், "நாளைக்கு எழுத்து மூலமா விளக்கம் குடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் தானே இறங்கி வந்தார். குடலை வெட்ட வேண்டி வரவில்லை, செருகியிருந்ததை விடுவித்துச் சரி செய்துவிட்டார்கள், இன்னும் தாமதமாகியிருந்தால் வெட்டியிருக்க வேண்டும் என்றார். கோமதி உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரம் வெளியே போய், வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதத்தில் நெசவாளர் தெருக்களிலிருந்து கார்டோடு வந்தவர்கள் எத்தனை பேர்! "எங்க ஏகாம்பரம் ரிப்பேர் பண்ண மெஷினு இதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். வங்கி இளைஞர் விளம்பரத் தாள் கொடுத்துச் செய்ய முடியாததை அந்த ஒரு நூல் செய்துவிட்டது. புதுக் கவுண்டரில் உட்காரப் போகும் பெண்களே, மெஷினைக் கண்டு மிரள்பவரிடம் நீங்கள் ஏழு பக்கம் விளக்க வேண்டாம். அவர் கையிலேயே கார்டைக் கொடுத்து, அவரையே இழுக்கச் சொல்லுங்கள்.

விளக்கக் கடிதத்தை மறுநாள் காலை கொடுத்தேன். இரவு மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீளமாக, காரணம் காரணமாக, மன்னிப்பு மன்னிப்பாக. நான்காவதில் ஐந்து வரிதான் இருந்தது. மெஷினுக்குச் சந்தனம் வைத்தது நான். அதன் பிழையைக் கார்டுக்காரர் மேல் போட்டதும் நான். இவ்விரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். பணம் வருமுன் ரசீது எழுதியதும் நானே. எழுதிய நேரம் பதினொன்று ஐந்து.

வரதன் சார் கண்ணை மூடிக்கொண்டு, "வாசிங்கோ" என்றார். வாசித்தேன். எங்கும் தயங்கவில்லை. ஆனாலும் கடைசி வரியில் அவர் கண் திறந்தது.

"கடைசியா சொன்ன ரசீதுக்கு மன்னிப்பு எழுதலையே?"

"இல்ல சார்."

"விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல சார்."

அவர் கடிதத்தை வாங்கி, மூலையில் தேதியும் நேரமும் போட்டு, துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு அடுத்த ரசீதை வாசிக்கச் சொன்னார்.